கடலில் பாத்தியதை யாருக்கு?

உழுபவனுக்கே நிலம் சொந்தம் என்னும் கோஷம் நம் நாட்டார் செவிகளுக்குப் பழகிப்போன ஒன்று. ஜமீன்தாரி முறை ஒழிய வேண்டும் என்று கூட்டங்கள் கூடின, தீர்மானங்கள் நிறைவேறின, 1948-ம் வருஷத்தில் சென்னை மாகாணச் சட்டசபை எஸ்டேட்டுகளை ஒழிக்கும் சட்டத்தை இயற்றிற்று. சேதுபதிகளின் இராமநாதபுரம் ஜமீனும் அதனால் முடிவுக்கு வந்தது. உழுத குடியானவனுக்குப் பட்டா என்று ஒரு காகிதமாவது கிடைத்தது. ஆனால், ஒரு சாண் நன்செயும் இன்றி, உப்பு நீரையே வயலாகவும் களமாகவும் கொண்டு தலைமுறை தலைமுறையாக ஜீவித்து வந்த கரையோர ஜனங்களுக்கு யாது கிடைத்தது? அவர்கள் கையில் காகிதம் எதுவும் கொடுக்கப்படவில்லை. கடலை யார் அளந்து பட்டா கொடுக்கப் போகிறார்கள் என்று அக்காலத்தவர் எண்ணியிருக்கலாம். பின்னர் கடலையும் அளக்கும் காலம் வரத்தான் செய்தது. ஆயினும் அளந்தது கொடுப்பதற்காக அன்று, விலக்குவதற்காக. அவ்விதம் விலக்கப்பட்டவர்களின் வழக்கையே இன்று நமது நேயர்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

இராமநாதபுரம் ஜில்லாவின் தென்கரையில், கீழக்கரைக்குக் கிழக்கே இருப்பது பெரியபட்டினம். இது நேற்று முளைத்த குடியிருப்பு அன்று. 1987-ல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக் கழகத்தார் இங்கே அகழ்வு செய்தபொழுது, பதின்மூன்றாம், பதினான்காம் நூற்றாண்டுகளைச் சார்ந்த சீனப் பீங்கான் துண்டுகள் ஏராளமாக வெளிப்பட்டன. கப்பல்கள் வந்து நின்ற அத்துறைமுகம் மறைந்துவிட்டது. ஆயினும் கடலை நம்பிய குடிகள் மறையவில்லை. இஸ்லாமியரும் ஹிந்துக்களும் கிறிஸ்தவர்களும் அடுத்தடுத்து வசிக்கும் இக்கரையில், பாம்பன் தொடங்கி மண்டபம், பெரியபட்டினம், களிமண்குண்டு, ஏர்வாடி என்று நீளும் கிராமங்களின் ஜனங்கள் கண்ணெதிரே காண்பது தீவுகளை. முசல் தீவு, முல்லித் தீவு, வாழைத் தீவு, தலையாரித் தீவு, அப்பா தீவு என்று அவற்றிற்குப் பெயரிட்டு வழங்கி வந்தவர்கள் அவர்களுடைய முன்னோரே. புயலுக்கு ஒதுங்கியதும், வலை உலர்த்தியதும், சங்கு குளித்ததும், பாசி எடுத்ததும் அத்தீவுகளைச் சுற்றித்தான். அத்தீவுகளின் பாத்தியதை யாருக்கு என்பதே இவ்வழக்கின் கேள்வி.

மரிக்கொழுந்தும் கஞ்சிப்பாசியும்

பாசி எடுப்பது ஸ்திரீகளின் தொழில். இதன் தன்மையை அறியாதவர்கள், கரையில் ஒதுங்கிய சருகைப் பெண்கள் குனிந்து பொறுக்கும் வேலை என்று நினைத்துவிடக் கூடும். விஷயம் அப்படியன்று. விடியுமுன் வத்தையிலோ வள்ளத்திலோ ஏறித் தீவோரம் சென்று, மார்பளவு நீரிலும் அதற்கு மேற்பட்ட ஆழத்திலும் இறங்கி, மூச்சை அடக்கி மூழ்கி, பவளப் பாறைகளின்மீது படர்ந்திருக்கும் பாசியைக் கையால் பறித்து, இடுப்பில் கட்டிய வலைப்பையை நிரப்பிக்கொண்டு மேலே வர வேண்டும். ஒரு நாளைக்கு மூழ்குதல் ஒன்றிரண்டு தடவையன்று. மணிக்கணக்காக இதே வேலை. பாறை விரல்களைக் கிழிக்கும் என்பதால் துணிக் கீற்றுகளை விரல்களில் சுற்றிக் கொள்கிறார்கள். கண்ணுக்கு ஒரு கண்ணாடி. நீந்துவதற்கு உதவியாகக் காலடியில் தகட்டைக் கட்டிக் கொள்பவர்களும் உண்டு. இவர்களுக்கு உள்ள ஆயுதங்கள் இவ்வளவே.

அவர்கள் எடுக்கும் பாசிகளில் மரிக்கொழுந்துப் பாசி விலை உயர்ந்தது. கஞ்சிப்பாசி அதற்கு அடுத்தது. இவ்விரண்டிலிருந்தும் அகர் என்னும் பசை கிடைக்கிறது. வைத்திய ஆராய்ச்சிச் சாலைகளில் கிருமிகளை வளர்ப்பதற்கும், மிட்டாய்த் தொழிலுக்கும், மருந்துக் கூடங்களுக்கும் இப்பசை இன்றியமையாதது. ரமலான் மாதத்தில் நம் தமிழ் முஸ்லிம் இல்லங்களில் நோன்பு திறக்கும் வேளைக்குக் கடல்பாசி என்ற பெயரால் குளிர்ந்த பலகாரம் ஒன்று செய்யப்படுவதை நேயர்கள் அறிவார்கள். அதுவும் இவ்வகைப் பசையால் உறைவதே. கட்டக்கோரை, பக்கோடாப் பாசி என்பவை வேறு தொழில்களுக்குப் பயன்படுகின்றன. இரண்டாம் உலக யுத்தத்தின்போது ஜப்பானிய அகர் பிற நாடுகளுக்கு வருவது தடைப்பட்டது. அதனால் அவரவர் கடலில் பாசி தேடும் முயற்சி பல தேசங்களில் எழுந்தது. நம் கரையில் 1960-களிலிருந்து பாசி எடுப்பது பெரிய வியாபாரமாக வளர்ந்தது. மதுரையில் அகர்ச் சாலைகள் எழுந்தன. மூழ்கிய கைகளுக்குக் கிடைத்ததோ வியாபாரி வைத்த விலை. முன்பணம் வாங்கிய குடும்பம் அந்த விலைக்கே கொடுத்தாக வேண்டும் என்ற நிலை.

எனினும் அது சுயார்ஜிதம். கணவனுடைய வலையில் மீன் படாத நாட்களில் அடுப்பு எரிந்தது இதனால். பிள்ளைகள் பள்ளிக்கூடம் சென்றது இதனால். நிலமற்ற குடும்பத்தில் ஒரு ஸ்திரீ தன் பெயரால் சம்பாதிக்கும் பணம் எத்தகைய மரியாதையை அவளுக்கு அளிக்கிறது என்பதை விவரிக்கத் தேவையில்லை.

1986-ம் வருஷத்து உத்தரவு

1986 செப்டம்பரில் தமிழ்நாட்டு அரசாங்கம், இராமேசுவரத்துக்கு அருகிலிருந்து தூத்துக்குடி வரையில் உள்ள 21 தீவுகளையும் அவற்றைச் சூழ்ந்த கடலையும் தேசியப் பூங்காவாக்கும் நோக்கத்தை அறிவித்தது. 560 சதுர கிலோமீட்டர் பரப்புள்ளது அப்பூங்கா. 1989-ல் இந்திய அரசாங்கம் மன்னார் வளைகுடாவில் 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பை உயிர்க்கோளக் காப்பகம் என்று பிரகடனம் செய்தது. 2001-ல் ஐக்கிய நாடுகளின் கல்வி, விஞ்ஞான, கலாசார ஸ்தாபனமும் அதை அங்கீகரித்தது. அறிவிப்புக்குப் பின் பல வருஷங்கள் வரையில் கிராமத்தாரின் போக்குவரத்துக்குப் பெரிய இடையூறு நேரவில்லை. 2000-க்குப் பிறகே கெடுபிடி கடுமையாயிற்று. தீவோரம் சென்ற படகுகள் மறிக்கப்படுவதாகவும், எடுத்த பாசி பறிமுதலாவதாகவும், அபராதம் விதிக்கப்படுவதாகவும் ஸ்திரீகள் முறையிடலாயினர். நேற்று வரை தொழிலாக இருந்தது இன்று குற்றமாகிவிட்டது.

இப்பூங்காவின் எல்லை எது? கரைப்பக்கத்தில் மூன்றரைப் பாக ஆழமும், வெளிக் கடற்பக்கத்தில் ஐந்து பாக ஆழமும் எல்லை என்று வகுத்திருக்கின்றனர். பாகம் என்பது இரு கைகளையும் விரித்த அளவு. மீனவர்கள் அறிந்த கணக்குத்தான். ஆனால் ஏற்றவற்றமும் நீரோட்டமும் மணலை நகர்த்திக்கொண்டே இருக்கும் கடலில், மூழ்கி எழும் ஒரு ஸ்திரீ தான் எல்லைக்கு இப்பால் இருக்கிறாளா, அப்பால் இருக்கிறாளா என்று நிச்சயிப்பது எங்ஙனம்? வயலுக்கு வரப்பு உண்டு. காட்டுக்கு எல்லைக் கல் உண்டு. நீருக்கடியில் உள்ள ஆழமே எல்லையென்றால், அந்த எல்லையை மீறாமலிருப்பது உத்தியோகஸ்தருக்கே கஷ்டமாகும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், பூங்கா அமைக்கும் நோக்கத்தை அறிவித்ததுடன் சர்க்காரின் கடமை முடிந்தது என்று சொல்லவில்லை. அங்குள்ள ஜனங்களின் பாத்தியதைகளைக் கலெக்டர் விசாரித்துத் தீர்மானிக்க வேண்டும் என்று அதே சட்டம் விதிக்கிறது. 1991-ல் செய்யப்பட்ட திருத்தத்தில், கடற்பரப்பை இவ்விதம் சேர்க்கும்பொழுது உள்ளூர் மீனவர்களின் தொழில் நலனைக் காப்பதற்குத் தகுந்த ஏற்பாடுகள் செய்யப்பட வேண்டும் என்ற ஷரத்தும் இடம் பெற்றிருக்கிறது. ஆகவே, ஜனங்கள் சட்டத்துக்கு எதிராகக் கிளர்ச்சி செய்கின்றனர் என்று கூறுவது பொருந்தாது. சட்டத்தின் ஒரு பாதி அமுலாகி மறு பாதி உறங்குகிறதே என்பதுதான் அவர்களுடைய முறையீடு.

இரு பக்ஷத்து நியாயங்கள்

வனத்துறையாரின் பக்ஷத்தில் நியாயமே இல்லையென்று நாம் சொல்ல வரவில்லை. மன்னார் வளைகுடா உலகத்திலேயே அருமையான கடற்பகுதிகளில் ஒன்று. பவளப் பாறைகளும், கடற்புல் வெளிகளும், ஆமைகளும், நம் மீனவர்கள் ஆவுளியா என்று அழைக்கும் கடற்பசுவும் இங்கே வாழ்கின்றன. 1947-ல் ஸ்தாபிதமான மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையிடம் பல்லாண்டுகள் மண்டபத்திலேயே இருந்ததற்கு இந்தச் செல்வமே காரணம். இச்செல்வம் அழிந்தால் முதலில் பட்டினி கிடப்பது கரையோர ஜனங்களே. பவளத்தின்மீது நின்று பாசியைப் பறிக்கும்பொழுது பவளம் உடைகிறது என்று விஞ்ஞானிகள் கூறுவதையும் அலட்சியம் செய்வதற்கில்லை.

ஆனால் இச்செல்வத்தை அழித்தவர் யார் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. சுண்ணாம்புக்காகவும் தொழிற்சாலைகளுக்காகவும் பல வருஷங்கள் பவளப் பாறைகள் வண்டி வண்டியாக வெட்டி எடுக்கப்பட்டன. அந்த லாபம் பாசி எடுக்கும் ஸ்திரீகளின் குடிசைக்கு வரவில்லை. விசைப்படகுகளின் இழுவலை கடலடியைச் சுரண்டிக் கொண்டு போயிற்று. அப்படகுகளுக்கு ஊக்கமும் உதவியும் அளித்தது சர்க்காரே. 1998-லும் 2010-லும் 2016-லும் கடல்நீர் அளவுக்கு மிஞ்சிச் சூடேறி, பவளங்கள் வெளுத்தன. அந்தச் சூட்டுக்குக் காரணம் உலகத்துப் பெருந்தொழில்களின் புகை. 21 தீவுகளில் இரண்டு நீரில் மூழ்கியே போயின. 2005 ஜூலையில் துவக்கப்பட்ட சேதுசமுத்திரக் கால்வாய்த் திட்டத்தையும் மறப்பதற்கில்லை. கையால் பாசி பறிப்பது கடலுக்குக் கேடு என்று தடுத்த அதே காலத்தில், ராட்சத யந்திரங்களைக் கொண்டு கடலடியைத் தோண்டுவது தேசத்துக்கு நன்மை என்று சொல்லப்பட்டது. 2007-ல் சுப்ரீம் கோர்ட்டு தடை விதித்திராவிட்டால் விளைவு என்னவாகியிருக்கும்?

அன்னியப் பாசியின் கதையும் இதைப் போன்றதே. பிலிப்பைன்ஸ் தேசத்து வழிவந்த கப்பாபைகஸ் என்னும் பாசி 1990-களில் மண்டபத்துக்குக் கொண்டுவரப்பட்டு, பின்னர் ஒரு பெரிய பான வியாபாரக் கம்பெனியின் முயற்சியால் மூங்கில் தெப்பங்களில் வளர்க்கப்பட்டது. நம் ஜனங்கள் அதற்குக் கம்பெனியின் பெயரையே சூட்டி, பெப்சிப் பாசி என்று அழைத்தனர். பாசி எடுக்கும் குடும்பங்களுக்கு இது மாற்றுத் தொழில் என்று சொல்லப்பட்டது. சிலருக்குப் பயனும் அளித்தது. ஆனால் அப்பாசி குருசடைத் தீவுப் பக்கத்துப் பவளங்களின்மீது படர்ந்து அவற்றை மூடுவதாக 2008-ல் விஞ்ஞானிகளே எச்சரித்தனர். பெரியவர்கள் செய்த தவறுகளுக்குச் சிறியவர்கள் அபராதம் கட்டும் வழக்கம் நம் நாட்டில் எப்பொழுதுதான் ஒழியுமோ!

ஸ்திரீகள் வகுத்த சட்டம்

இவ்வளவுக்கும் இடையே இக்கரையின் ஸ்திரீகள் செய்த காரியமே நாம் முக்கியமாக எடுத்துக்காட்ட விரும்புவது. அழுதுகொண்டு வீட்டில் இருந்துவிடவில்லை அவர்கள். கிராமம் கிராமமாகக் கூடினர். இராமநாதபுரம் ஜில்லா மீன்தொழிலாளர் சங்கத்தின் துணையுடனும், பாசி எடுக்கும் பெண்களின் கூட்டமைப்பின் மூலமும், மகஜர் எழுதினர். அதிகாரிகளைக் கண்டு பேசினர். தங்களுக்கு அடையாள அட்டை வேண்டும் என்றனர். தங்கள் தொழிலைத் தொழிலாக ஒப்புக்கொள்ள வேண்டும் என்றனர். ஆனால் கேட்பதோடு நின்றுவிடவில்லை. தங்களுக்குத் தாங்களே சட்டம் வகுத்துக் கொண்டனர். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி மாதத்தில் பன்னிரண்டு நாட்கள் மட்டுமே பாசி எடுப்பது; இரும்புக் கருவிகொண்டு சுரண்டாமல் கையாலேயே பறிப்பது; விசைப்படகுகளுக்கு விதிக்கப்பட்ட வருஷாந்தரத் தடைக்காலத்தில், தங்களைச் சட்டம் கட்டுப்படுத்தாவிட்டாலும், தாங்களும் பாசி எடுப்பதை நிறுத்திவிடுவது. வேர்ப்பிடிப்பை விட்டுவைத்துப் பறித்தால்தான் பாசி மறுபடி தழைக்கும் என்பது அவர்களுடைய அநுபவ சாஸ்திரம்.

இந்தத் தியாகத்தின் அளவை நேயர்கள் சற்றுக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். மாதச் சம்பளக்காரர் ஒருவர், கம்பெனி நீடித்து வாழவேண்டும் என்பதற்காகத் தாமே முன்வந்து பதினெட்டு நாள் சம்பளம் வேண்டாம் என்பாரா? தினக்கூலிக்கு மூழ்கும் ஸ்திரீகள் அவ்விதம் சொன்னார்கள். பாம்பன் தீவில் சின்னப்பாலம் என்னும் கிராமத்தைச் சேர்ந்த லட்சுமி அம்மையார் இவ்வியக்கத்தின் தலைவியருள் ஒருவர். சிறுமியாக இருந்த நாளிலிருந்தே கடலில் மூழ்கியவர். அவருக்கு 2015-ல் தீவுகளின் பாதுகாப்புக்காக உழைப்போருக்கு அமெரிக்காவில் உள்ள சீகாலஜி ஸ்தாபனம் வழங்கும் பரிசு கிடைத்தது. கடலுக்குக் கேடு செய்கிறவர்கள் என்று இங்கே மறிக்கப்பட்ட கூட்டத்தின் தலைவிக்கு, கடலைக் காத்தவர் என்று அயல்நாட்டில் மரியாதை! இதில் பெருமை ஒருபுறமிருக்க, நாம் வெட்கப்படவும் இடமுண்டு.

அயல்நாட்டு அநுபவம்

பூர்வ குடிகள் என்ற சொல் இவர்களுக்குப் பொருந்துமா என்று சிலர் கேட்கலாம். சர்க்காரின் பழங்குடிப் பட்டியலில் இவர்கள் பெயர் இல்லை என்பது உண்மை. ஆனால் நாம் பட்டியலைப்பற்றிப் பேசவில்லை. ஓரிடத்தை நம்பி, அவ்விடத்தின் இயல்பறிந்து, அதற்குரிய கட்டுப்பாடுகளுடன் தலைமுறைகளாக வாழ்ந்தவர்களை, அவர்களைக் கேளாமலே அந்த இடத்திலிருந்து விலக்குவது நியாயமா என்பதைப்பற்றிப் பேசுகிறோம். இக்கேள்வி உலகெங்கும் எழுந்திருக்கிறது.

ஆஸ்திரேலியாவின் வடகரையில் யோல்ங்கு என்னும் ஆதிக்குடிகள் வசிக்கின்றனர். அவர்களுக்கும் நிலம் வேறு, கடல் வேறு அன்று. கடலும் அவர்களுடைய தேசமே. 1996-ல் அவர்களுடைய புனிதமான ஓரிடத்தில், அனுமதியின்றி மீன் பிடிக்க வந்தவர்கள் தங்கிய இடத்தில், வெட்டுண்ட முதலைத் தலையொன்று கிடந்தது. முதலை அவர்களுக்குக் குலதெய்வம் போன்றது. ஆத்திரத்தில் அவர்கள் தடியெடுக்கவில்லை. மரப்பட்டையில் சித்திரம் எழுதத் தொடங்கினர். எந்த நீர்ப்பரப்பு எந்தக் குலத்துக்குரியது, அதன் கதை என்ன, அதன் எல்லை என்ன என்று எண்பது பட்டைகளில் எழுதினர். அவையே அவர்களுடைய பட்டாவாக ஊரூராகக் காட்சிக்கு வைக்கப்பட்டன. கோர்ட்டு வழக்கு பல வருஷம் நடந்தது. 2008 ஜூலையில் ஆஸ்திரேலிய ஹைக்கோர்ட்டு, ஏற்றவற்றத்தின் நீர் வந்து போகும் கரைப்பரப்பு, நிலத்துக்குரிய ஆதிக்குடிகளுக்கே உரியது என்று தீர்ப்பளித்தது. அதே வருஷம் பிப்ரவரியில் அந்நாட்டுப் பிரதம மந்திரி, ஆதிக்குடிகளின் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்த கொடுமைக்காகப் பார்லிமெண்டில் மன்னிப்புக் கோரினார். தீர்ப்புக்குப் பின் யோல்ங்கு ஜனங்கள் கடலைப் பூட்டிவிடவில்லை. எங்கள் அனுமதி கேட்டு வாருங்கள், பேசுவோம் என்றனர். பேச்சு வார்த்தைகள் வருஷக்கணக்கில் நடந்தன. உரிமையை ஒப்புக்கொண்ட பிறகுதான் சமரசப் பேச்சுக்கே இடம் ஏற்படுகிறது என்பதற்கு இது தக்க உதாரணம்.

அவ்வளவு தூரம் போவானேன்? ஒரிஸ்ஸாவின் நியமகிரி மலையில் சுரங்கம் தோண்டலாமா என்ற கேள்வி எழுந்தபொழுது, 2013 ஏப்ரலில் நம் சுப்ரீம் கோர்ட்டு, மலையடிவாரத்துக் கிராம சபைகளைக் கேளுங்கள் என்று உத்தரவிட்டது. பன்னிரண்டு கிராம சபைகள் கூடின, பன்னிரண்டும் வேண்டாம் என்றன, சுரங்கம் நின்றது. 2007 செப்டம்பரில் ஐக்கிய நாடுகள் சபை நிறைவேற்றிய பூர்வ குடிகளின் உரிமைப் பிரகடனத்தில், நிலத்தோடு நீரையும் கரையோரக் கடலையும் சேர்த்தே சொல்லியிருக்கிறது. ஆஸ்திரேலியா முதலிய நான்கு நாடுகள் அன்று எதிர்த்து வாக்களித்துப் பின்னர் மனம் மாறின. இந்தியா அன்றே ஆதரித்து வாக்களித்தது. உலக சபையில் உயர்த்திய கையை உள்நாட்டுக் கடற்கரையில் தாழ்த்திக் கொள்வது தகுமா?

செய்ய வேண்டியவை

இதற்கு வழி இல்லாமலில்லை. 2006-ம் வருஷத்து வன உரிமைச் சட்டம், வனங்களை நம்பி வாழ்ந்தவர்களுக்குச் சரித்திர ரீதியாக அநீதி இழைக்கப்பட்டது என்பதைத் தன் முகவுரையிலேயே ஒப்புக்கொள்ளுகிறது. தேசியப் பூங்காக்களும் அச்சட்டத்துக்குள் அடங்கும். நீர்நிலைகளில் மீன் முதலியவற்றை எடுத்து அநுபவிக்கும் சமூகப் பாத்தியதையையும் அது சொல்லுகிறது. பழங்குடிப் பட்டியலில் இல்லாதவர்களும், மூன்று தலைமுறை அநுபவத்தைக் காட்டினால், உரிமை கோரலாம். தீவில் யாரும் குடியிருக்கவில்லையே என்று ஆட்சேபிப்பவர்களுக்கு, வனத்துக்குள் குடியிராவிட்டாலும் ஜீவனத்துக்கு அதை நம்பியிருப்பது போதும் என்று 2008-லேயே இந்திய அரசாங்கத்தின் பழங்குடியினர் நல அமைச்சு அளித்த விளக்கமே பதில். தமிழ்நாட்டில் 2008-ம் வருஷத்து ஹைக்கோர்ட்டு உத்தரவு ஒன்றினால் இச்சட்டத்தின்கீழ் உரிமைப் பத்திரம் வழங்குவது நெடுநாள் தடைப்பட்டிருந்தது. 2016-ல் சுப்ரீம் கோர்ட்டு அத்தடையை நீக்கிய பிறகு, தாமதத்துக்கு அந்தக் காரணத்தைச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

முதலாவதாக, இராமநாதபுரத்துக் கலெக்டர் பெரியபட்டினம் முதலிய ஒவ்வொரு கிராமத்திலும் தமிழில் முன்னறிவிப்புச் செய்து, பகிரங்க விசாரணை நடத்த வேண்டும். எந்தக் கிராமத்தார் எந்தத் தீவோரம், எந்தெந்த மாதங்களில், என்ன பாசி எடுத்தனர் என்பது பதிவாக வேண்டும். அப்பதிவில் ஸ்திரீகளின் பெயர் தனியே இடம்பெற வேண்டும். தகப்பன், கணவன் பெயருக்குப் பின்னால் மறைந்து போகலாகாது.

இரண்டாவதாக, ஸ்திரீகள் தாமாக வகுத்த கட்டுப்பாடுகளுக்குச் சட்ட அந்தஸ்து அளிக்க வேண்டும். மாதத்தில் பன்னிரண்டு நாள் என்பதை மீறுபவரைத் தடுக்கும் அதிகாரம் கிராமக் குழுவுக்கு இருக்கட்டும். வனத்துறையாரும் விஞ்ஞானிகளும் கிராமத்தாரும் சேர்ந்த ஒரு கூட்டுக் குழு, எந்தப் பாறையில் எத்தனை வருஷம் பாசி எடுக்காமல் ஓய்வு கொடுக்கலாம் என்பதைக் கலந்து தீர்மானிக்கட்டும். நீரில் தினந்தோறும் இறங்குகிறவர்களைவிடச் சிறந்த காவலாளர் வனத்துறைக்கு வேறு யார் கிடைப்பார்கள்?

மூன்றாவதாக, மீனவர் நல உதவிகள் பாசி எடுக்கும் பெண்களுக்கு அவர்கள் தொழிலின் பேராலேயே கிடைக்க வேண்டும். மூழ்கும்பொழுது உயிருக்கும் உடலுக்கும் நேரும் ஆபத்துக்களுக்கு ஈடு வேண்டும். பாசியை நேரடியாக விற்பதற்குக் கூட்டுறவு ஏற்பாடு வேண்டும்.

நான்காவதாக, 2023 செப்டம்பரில் வளமாவூரில் அடிக்கல் நாட்டப்பட்ட கடல்பாசிப் பூங்காவைப்பற்றியும் ஒரு வார்த்தை. 127 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட அத்திட்டம் பாசி வளர்ப்பைப் பெருக்கும் நோக்கத்தோடு ஏற்பட்டது, நோக்கம் நல்லதே. ஆனால் தெப்பங்கள் மிதக்கும் நீர்ப்பரப்பு யார் வசம் இருக்கும் என்பதை முன்கூட்டியே நிச்சயித்துக் கொள்ள வேண்டும். கிராமத்தாரின் நீரைக் கம்பெனிகளுக்குக் குத்தகைக்கு விட்டு, கிராமத்தாரைக் கூலிகளாக்கும் திட்டமாக அது முடிந்துவிடலாகாது. கடலில் புதிய ஜமீன்கள் தோன்றுவதற்காகவா நாம் பழைய ஜமீன்களை ஒழித்தோம்?

கடைசியாக, சமரசத்தைப்பற்றி. ஒரு பக்கத்தார் மட்டும் விட்டுக்கொடுத்துக் கொண்டே போனால் அதற்குச் சமரசம் என்று பெயரில்லை. பணிவு என்று பெயர். இக்கரையின் ஸ்திரீகள் தங்கள் பங்கை முன்னதாகவே செலுத்தி விட்டார்கள். வேலை நாட்களைக் குறைத்துக் கொண்டார்கள், கருவிகளைக் கைவிட்டார்கள், தடைக்காலத்தில் பட்டினியை ஏற்றார்கள். அரசாங்கத்தார் செலுத்த வேண்டிய பங்கு இன்னும் பாக்கியாக இருக்கிறது. அவர்களுடைய அநுபவ பாத்தியதையை எழுத்தில் ஒப்புக்கொள்ளட்டும். பாசி எடுத்ததற்காகவே போடப்பட்ட வழக்குகள் இருக்குமாயின் வாபஸ் பெறட்டும். கேளாமல் செய்தது தவறு என்று ஒரு வார்த்தை சொல்லட்டும். அதனால் அரசாங்கத்தின் கௌரவம் குறைந்துவிடாது.

பொதுஜனங்களுக்கும் இதில் கடமை உண்டு. மதுரையிலும் சென்னையிலும் இருப்பவர்கள் தங்கள் சட்டசபை அங்கத்தினர்களிடத்தும் பார்லிமெண்டு அங்கத்தினர்களிடத்தும் இதைப்பற்றிக் கேட்க வேண்டும். தமிழ்நாட்டுப் பெண்கள் ஸ்தாபனங்கள் இவ்வழக்கைத் தங்கள் வழக்காக ஏற்றுக்கொள்ள வேண்டும். கலெக்டரின் விசாரணை பெரியபட்டினத்துக் கடற்கரையில் என்றைக்குத் தொடங்கும் என்பதற்குச் சர்க்கார் ஒரு தேதி குறிக்கட்டும். அன்றைய தினம் முதல் சாட்சியாக நிற்பதற்கு அவ்வூர்த் தாய்மார்கள் ஆயத்தமாகவே இருக்கின்றனர்.